அலர்ஜி டெஸ்ட்டே அலர்ஜியைக் கிளப்பிவிடுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தங்கைக்கு ஆஸ்துமா உண்டு, கொஞ்ச நாளாக உடம்பில் அங்கங்கே தடித்துத் தடித்து அரிக்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் லேசாகக் குத்திப் பார்க்கிற ஸ்கின் பிரிக் டெஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன்னால் டிபி இருக்கிறதா என்று பார்க்க மாண்டூ டெஸ்ட் போட்டபோது கை கொப்பளித்துப் புண்ணாகி ஆற மூன்று வாரம் ஆனதாம். இப்போது இதையும் போட்டால் என்ன ஆகும், இந்த டெஸ்ட்டிலேயே உயிர் போனவர்கள் உண்டு என்று படித்தேன், நிஜமா என்று அண்ணன்காரர் கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. அலர்ஜி கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக இந்த டெஸ்ட்டைப் போடுகிற ஆள். ஆயிரக்கணக்கான கைகளில் கட்டம் போட்டு, சொட்டு வைத்து, குத்தி, அளந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், முடிவை உங்கள் டாக்டரோடு பேசி எடுங்கள்.

முதலில் நேரடியான பதில். ஆம், உயிர் போனதுண்டு. ஆனால் மிக மிக அரிது, அதிலும் பெரும்பாலானவை ஏன் நடந்தன என்பது தெரிந்த விஷயம். உங்கள் தங்கைக்கு மாண்டூவில் கை புண்ணானது பிரிக் டெஸ்ட்டுக்குத் தடையே இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தப் பழைய புண்ணைப் பற்றி அல்ல, கேள்வியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஆஸ்துமாவைப் பற்றி.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, அதற்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1890-ல் ராபர்ட் காக் டிபி கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாற்றை டிபிக்கு மருந்து என்று அறிவித்தார். தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டு குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்தார். நோயாளிகளுக்குப் போட்டபோது பலருக்குக் கடுமையான காய்ச்சல், சிலர் இறந்தே போனார்கள். மருந்தாக அது தோற்றது. ஆனால் உடம்பு அந்தச் சாற்றுக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்ற கேள்வி தங்கிவிட்டது. வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் 1906-ல் 'அலர்ஜி' என்ற சொல்லையே உருவாக்கினார், அடுத்த வருடம் அதே மனிதர் டியூபர்குலினைத் தோலில் கீறிப் பார்க்கிற சோதனையைக் கொண்டுவந்தார். 1908-ல் பிரான்சில் சார்ல் மாண்டூ அதைத் தோலுக்குள் ஊசியாகப் போடும் முறையாக மாற்றினார், அந்தப் பெயர்தான் இன்றைக்கும். ஆக தூசி அலர்ஜி, டிபி டெஸ்ட் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரே சொல்லின் கீழ் ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன. உடம்புக்குள் நடப்பதோ வேறு வேறு.

மாண்டூவில் நடப்பது மெதுவான சமாச்சாரம். 0.1 மி.லி. திரவத்தை முன்கையில் தோலுக்குள் போடுகிறோம், 48-லிருந்து 72 மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். அங்கே வந்து குவிவது டி-செல்கள் என்கிற வெள்ளை அணுக்கள், நடந்து வருகிற கூட்டம் மாதிரி, வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால்தான் சிவப்பை அளக்கக் கூடாது, விரலால் தடவி, கெட்டியாக இருக்கிற இடம் எதுவரை போகிறது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும். டிபி கிருமியை உடம்பு நன்றாக ஞாபகம் வைத்திருந்தால் கூட்டம் அளவுக்கு மீறி வந்துவிடும். கொப்புளம், புண், சில சமயம் நடுவில் தோலே கறுத்துச் செத்துப்போகும். பார்க்கக் கோரமாக இருக்கும், தழும்பும் நிற்கலாம். ஆனால் மூச்சை நிறுத்துகிற வகை இல்லை. உங்கள் தங்கைக்கு நடந்தது இது. அவருக்கு இனிமேல் மாண்டூ போடக் கூடாது என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம். எங்கேயாவது வேலைக்குச் சேரும்போது திரும்பக் கேட்டால், முன்பு புண்ணானதைச் சொல்லி ரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமா பார்க்கிற டெஸ்ட்டைக் கேட்கலாம். இன்னொன்று, அந்த அளவு வலுவான பாசிட்டிவ் வந்தபோது டாக்டர் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாரா என்று விசாரியுங்கள். புண்ணுக்குக் களிம்பு போட்டு அனுப்பிவிட்டு, அந்தப் புண் சொன்ன சேதியை எல்லோரும் மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாண்டூ திரவத்துக்கே சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, பி.பி. விழுந்தவர்களும் உண்டா என்றால் உண்டு, அதுவும் பதிவாகியிருக்கிறது. ரொம்ப அபூர்வம். அந்தத் திரவத்தில் டிபி புரதம் மட்டும் இல்லை, கெட்டுப்போகாமலிருக்க ஃபீனால், குப்பியில் ஒட்டாமலிருக்க பாலிசார்பேட் எல்லாம் கொஞ்சம் இருக்கிறது. அதனால் "முன்பு டெஸ்ட்டில் ரியாக்‌ஷன் வந்தது" என்று யார் சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி எவ்வளவு பெரிதாக வந்தது என்பது இல்லை. எப்போது வந்தது? பத்தாவது நிமிடத்திலா, இரண்டாம் நாளா? இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

நிமிடக் கணக்கில் வருவது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் வேலை. தோலில், மூச்சுக்குழாயில், குடலில் எல்லாம் மாஸ்ட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றின் மேல் ஐஜிஇ ஒட்டியிருக்கிறது, அலர்ஜிப் பொருள் வந்து தொட்டதும் உள்ளே சேர்த்து வைத்திருக்கிற ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கொட்டிவிடுகிறது. கையில் ஒரு புள்ளியில் கொட்டினால் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. அதைத்தான் நாங்கள் அளக்கிறோம். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் கொட்டினால் அதற்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ். 1902-ல் பிரெஞ்சுக்காரர்களான போர்ட்டியேவும் ரிஷேயும் கடல் சாமந்தியின் விஷத்தைத் துளித்துளியாகக் கொடுத்து நாய்களுக்குப் பாதுகாப்பு உண்டாக்கப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து இரண்டாவது முறை மிகக் குறைந்த அளவு கொடுத்ததும் நாய் நிமிடங்களில் செத்தது. பாதுகாப்புக்கு நேர் எதிரானது என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார்கள், ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, சோதனை செய்யப் போய்த்தான் இந்த ஆபத்தே கண்டுபிடிக்கப்பட்டது.

சரி, பிரிக் டெஸ்ட்டுக்கு வருவோம். முன்கையை மேசை மேல் நீட்டச் சொல்லி, பேனாவால் நம்பர் போட்டு, ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைக்கிறோம், இரண்டு சொட்டுக்கு இடையில் குறைந்தது 2 செ.மீ. இடைவெளி. சின்ன முனையுள்ள ஊசியால் சொட்டு வழியாகத் தோலின் மேல்பகுதியை மட்டும் லேசாகக் குத்துகிறோம், ரத்தம் வரக் கூடாது, வந்தால் எனக்குக் கை அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு சொட்டு வெறும் உப்பு நீர், அது தடிக்கக் கூடாது. ஒரு சொட்டு ஹிஸ்டமின், அது கட்டாயம் தடிக்க வேண்டும். 15-லிருந்து 20 நிமிடத்தில் பார்த்து, உப்பு நீரைவிட 3 மி.மீ. பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். உள்ளே போகிற அளவு, சொட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு பங்கு. இந்த அளவுதான் பிரிக் டெஸ்ட்டின் பாதுகாப்பே. உடம்பு முழுக்க ரியாக்‌ஷன் வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகளில் இருக்கிறது, வருகிறவர்களிலும் பலருக்கு மருந்து கொடுத்ததும் அடங்கிவிடுகிறது.

இன்ட்ராடெர்மல் என்பது வேறு ஆள். மாண்டூ மாதிரியே ஊசியைத் தோலுக்குள் படுக்கவிட்டு 0.02-லிருந்து 0.05 மி.லி. வரை ஏற்றுவது. பிரிக்கில் போவதைவிட இந்தத் திரவம் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம், அதனால்தான் மருந்தை நூறிலிருந்து ஆயிரம் மடங்கு வரை நீர்த்து எடுக்கிறோம், அப்படியும் பிரிக்கைவிட ஆபத்து கூடுதல். அமெரிக்காவில் நடந்த பழைய கணக்கெடுப்பு ஒன்றில் தோல் சோதனையால் ஆறு மரணங்கள் பதிவாயின. அதில் ஐந்து பேருக்கு முதலில் பிரிக் செய்து பார்க்காமல் நேரடியாக இன்ட்ராடெர்மல் போட்டிருக்கிறார்கள். ஐந்து பேர்! இதற்கப்புறம்தான் முதலில் பிரிக், அது நெகட்டிவ் ஆனால் மட்டும், அதுவும் தேவைப்பட்டால் மட்டும் இன்ட்ராடெர்மல் என்ற வரிசை கறாராக ஆனது. உணவுப் பொருள்களுக்கு இன்ட்ராடெர்மல் போடவே கூடாது. யாராவது போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிக் டெஸ்ட்டிலேயே போன உயிரும் ஒன்று ஆவணத்தில் இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர், ஒரே வேளையில் 90 உணவுப் பொருள்களுக்குக் குத்தியிருக்கிறார்கள். தொண்ணூறு என்பதை நினைத்துப் பாருங்கள், இரண்டு முன்கையிலும் இடம் போதாது, முதுகில்தான் போட முடியும். எதைச் சாப்பிட்டு எப்போது என்ன ஆனது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் எண்ணிக்கை ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும். எனக்கு இந்த "ஃபுல் பேனல்" வியாபாரத்தின் மேல் எரிச்சல் உண்டு. ஆபத்து ஒரு பக்கம், பாசிட்டிவ் வந்தது எல்லாம் அலர்ஜி இல்லை என்பது இன்னொரு பக்கம். உடம்பில் ஐஜிஇ இருக்கிறது என்றுதான் அந்தத் தடிப்பு சொல்கிறது, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவருக்கும் தடிக்கும். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பால், முட்டை, கோதுமை என்று வரிசையாக நிறுத்தி இளைத்துத் துரும்பாகி வருகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு ஆபத்து கூடுதல்? கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா முதலில். சோதனையில் ரியாக்‌ஷன் மோசமானவர்களில் திரும்பத் திரும்ப வருகிற பெயர் இதுதான். அன்றைக்கு மூச்சு விசிலடித்தால், அல்லது ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டில் அளவு குறைந்திருந்தால் நான் சொட்டுப் பெட்டியைத் திறப்பதே இல்லை, இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவேன். அப்புறம், நிலக்கடலை போன்ற ஏதோ ஒன்றுக்கு ஏற்கெனவே உயிருக்குப் போராடியவர்கள். பழத்தையோ மீனையோ நேரடியாகக் குத்தி அதே ஊசியால் தோலில் குத்துகிற முறையில் எவ்வளவு போகிறது என்ற கணக்கு கிடையாது, அதில் கவனம் கூடுதலாக வேண்டும். ரப்பர் பால் சாறு, பென்சிலின் மாதிரி மருந்துகள், ரொம்பச் சின்னக் குழந்தைகள், மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகிய மாஸ்டோசைட்டோசிஸ் நோயாளிகள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தள்ளிப்போடுவோம், தாய்க்கு பி.பி. விழுந்தால் உள்ளே இருக்கிற சிசுவுக்கு ஆக்சிஜன் குறையும்.

பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரியாக்‌ஷன் வருவதை அது கூட்டுகிறதோ இல்லையோ, வந்தபின் கொடுக்கிற அட்ரினலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். பி.பி.க்கு, ஒற்றைத் தலைவலிக்கு, கைநடுக்கத்துக்கு என்று பல காரணத்துக்கு இதைச் சாப்பிடுகிறார்கள். கண் அழுத்தத்துக்குப் போடுகிற டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான், அதை மருந்து என்றே நினைக்காமல் சொல்லாமல் விடுகிறவர்கள் ஏராளம். இதய நோய்க்குச் சாப்பிடுகிறவர்கள் தானாக நிறுத்திவிட்டு வந்து நிற்கக் கூடாது, அது வேறு ஆபத்து.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், எந்த இடம் என்பது வேண்டாம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண், குளவி கொட்டி ஒருமுறை மயங்கி விழுந்தவர், விஷத்துக்கு இன்ட்ராடெர்மல் போய்க்கொண்டிருந்தது. விதிப்படி மிக மிக நீர்த்த கரைசலில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தோம். மூன்றாவது படி போட்டுப் பன்னிரண்டாவது நிமிடம். கையில் பெரிய தடிப்பு எதுவும் இல்லை. நான் ஸ்கேலை வைத்துக் குனிந்து அளந்துகொண்டே இருக்கிறேன், 4 மி.மீ., பரவாயில்லை என்று எழுதுகிறேன். அந்தப் பெண் இன்னொரு கையின் உள்ளங்கையைச் சேலை மடிப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பேச்சில் இரண்டு தடவை கனைத்தார். "தொண்டையில் என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்ற சீனியர் அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தார். "கையைப் பாக்காதே, ஆளைப் பாரு" என்றார். நிமிர்ந்து பார்த்தால் கழுத்திலும் காதிலும் சிவப்பு படர்ந்துவிட்டது, முகத்தில் ஒரு கலக்கம், ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்கே தெரிகிற பார்வை. அந்தப் பார்வை பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, நேரில் பார்த்தால் மறக்காது. அக்கா அதற்குள் அட்ரினலினைத் தொடையில் போட்டுவிட்டார், புடவைக்கு மேலாகவே. நான்கைந்து நிமிடத்தில் மூச்சு சீரானது. நான் எழுதிய 4 மி.மீ. அந்தத் தாளில் அப்படியே இருந்தது.

கையில் வருகிற தடிப்பின் அளவுக்கும் உடம்புக்குள் நடக்கிறதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கை முழுக்க வீங்கியும் ஆள் கல்லு மாதிரி இருப்பார், கையில் ஒன்றுமில்லாமலும் உள்ளே கிளம்பியிருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, உதடு நமநமவென்று இருப்பது, திரும்பத் திரும்பத் தும்மல், கனைப்பு, குரல் மாறுவது, வயிற்றைப் பிசைவது, திடீரென்று பாத்ரூம் போக வேண்டும் என்பது, இவற்றில் எது வந்தாலும் உங்கள் தங்கை கூச்சப்படாமல் உடனே சொல்ல வேண்டும். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று பொறுத்துக்கொள்கிறவர்களும் தனியாகப் பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர்களும்தான் எங்களைப் பயமுறுத்துகிறவர்கள்.

ஊசியைப் பார்த்தே மயங்குகிறவர்கள் இன்னொரு ரகம், இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். முகம் வெளிறி, வேர்த்து, சரிந்துவிடுவார்கள். நாடியைப் பிடித்தால் மெதுவாக அடிக்கும், தோலில் தடிப்போ அரிப்போ இருக்காது, படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் திறந்து வெட்கப்படுவார்கள். அனாஃபிலாக்சிஸில் பெரும்பாலும் நாடி வேகமாக ஓடும், தோல் சிவந்து தடிக்கும், மூச்சு இழுக்கும். ஆனால் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாமலும் அனாஃபிலாக்சிஸ் வரும், அதனால் சந்தேகம் என்றால் அட்ரினலின் பக்கமே சாய்வது நல்லது.

அட்ரினலின் என்றதும் பலருக்கு இதயம் நின்றவருக்குக் கொடுக்கிற கடைசி மருந்து என்ற நினைப்பு. இங்கே அதுதான் முதல் மருந்து. 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஊசி, கிலோவுக்கு 0.01 மி.கி., பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி., தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில். கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அவில் மாதிரி ஆன்டிஹிஸ்டமின் ஊசியும் ஸ்டீராய்டும் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் நிறைய இடங்களில் நடக்கிற தப்பு. ஆன்டிஹிஸ்டமின் அரிப்பைக் குறைக்கும், அடைக்கிற தொண்டையையும் விழுகிற பி.பி.யையும் ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு வேலை செய்ய ஆரம்பிக்கவே மணிக்கணக்காகும். ஆளைப் படுக்கவைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தமெல்லாம் கீழே தேங்கியிருக்கும் நேரத்தில் சட்டென்று நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பி வர ரத்தமே இருக்காது, அந்த நொடியிலேயே போனவர்கள் உண்டு. சரியான பிறகும் சில மணி நேரம் வைத்திருந்துதான் அனுப்புவார்கள், அடங்கினது மாதிரி இருந்து இரண்டாவது அலை வருவதுண்டு. அந்தச் சமயத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, மாஸ்ட் செல்கள் கொட்டுகிற டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவைப் பார்த்தால், நடந்தது நிஜமாகவே அனாஃபிலாக்சிஸ்தானா என்று பின்னால் சண்டை போடாமல் முடிவு செய்ய உதவும்.

இதே வரிசையில் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்னால் போடுகிற டெஸ்ட் டோஸையும் சொல்லாமல் விட மனசில்லை. கையில் ஒரு குமிழ் எழுப்பிப் பார்த்துவிட்டு, தடிக்கவில்லை, போடலாம் என்று முழு டோஸையும் ஏற்றுவது. முறையான பென்சிலின் சோதனைக்கு அதன் சிதைவுப் பொருள்களைத் தனியாகத் தயாரித்து, பிரிக்கில் ஆரம்பித்து, ஒப்பிட்டுப் பார்க்க உப்பு நீர், ஹிஸ்டமின் சொட்டுகளோடு செய்ய வேண்டும். குப்பியிலிருந்து இழுத்துக் கையில் போடுவது அது ஆகாது, பல மருந்துகள் அலர்ஜியே இல்லாதவருக்கும் தோலை எரித்துத் தடிக்க வைக்கும், அலர்ஜி உள்ளவருக்கும் சில சமயம் தடிக்காது. இதைவிட முன்பு இந்த மருந்து சாப்பிட்டு என்ன ஆனது என்று கேட்பது எத்தனையோ மேல். பாம்புக்கடி விஷமுறிவு மருந்துக்கு முன் தோல் சோதனை செய்யவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதில் வருகிற ரியாக்‌ஷன்களில் பெரும்பாலானவை ஐஜிஇ வழியாக வருவதே இல்லை, அதனால் சோதனை முன்கூட்டியே ஒன்றும் சொல்லாது, நேரம்தான் போகும். நாய் நாடாப்புழுக் கட்டிக்கு அதன் நீரையே தோலில் போட்டுப் பார்க்கிற காசோனி டெஸ்ட் என்று ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. தப்பான பாசிட்டிவும் அதிகம், அனாஃபிலாக்சிஸும் வந்தது, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்ததும் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

பேட்ச் டெஸ்ட் என்பது சந்தேகப்படுகிற பொருளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைப்பது, மாண்டூவின் உறவுமுறை, அதில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒட்டின இடத்துக் கொப்புளம்தான். தலைமுடி வெளுக்கிற அம்மோனியம் பெர்சல்பேட், பாசிட்ராசின் களிம்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்த சம்பவங்கள் உண்டு. மருந்து சாப்பிட்டுத் தோல் உரிந்து, வாய் கண்ணெல்லாம் புண்ணான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வகை நோய் வந்தவர்களுக்கு அந்த மருந்தைத் தோலுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்க்கவே கூடாது.

இனி உங்கள் தங்கை விஷயம். தடிப்பு எத்தனை நாளாக என்று எழுதவில்லை. ஆறு வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் வந்துகொண்டிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற அலர்ஜியே இல்லை, உடம்பின் எதிர்ப்பாற்றலே தன் மாஸ்ட் செல்களைச் சீண்டிக்கொண்டிருக்கிற நாள்பட்ட தடிப்பு. அதற்குப் பிரிக் டெஸ்ட்டில் ஒன்றும் கிடைக்காது. மேலும் நகத்தால் கோடு போட்டாலே தடிக்கிற தோல் என்றால் உப்பு நீர்கூடத் தடித்து எல்லாமே பாசிட்டிவ் என்று வரும். ஆகவே "எதற்காக இந்த டெஸ்ட், எதைச் சந்தேகப்படுகிறீர்கள்" என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். ஆஸ்துமாவுக்குத் தூசிப்பூச்சியோ மகரந்தமோ காரணமா என்று பார்க்கத்தான் என்றால் நியாயமான டெஸ்ட், பத்துப் பதினைந்து சொட்டில் முடிந்துவிடும். ஆஸ்துமா தற்போது மோசமாக இருந்தாலோ, தடிப்பு மாத்திரையை நிறுத்தவே முடியாது என்றாலோ ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கச் சொல்லலாம், அதில் உடம்புக்குள் எதுவும் போவதில்லை.

தோல் சோதனைதான் என்று முடிவானால் செட்ரிசின் மாதிரி ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளை டாக்டர் சொல்கிற கணக்கில், பொதுவாக ஒரு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும். சளி சிரப், தூக்க மாத்திரை சிலவற்றிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். அமிட்ரிப்டிலின், டாக்சபின் போன்ற மன அழுத்த மருந்துகளும் தடிப்பை அமுக்கும், அவற்றைத் தானாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது. "டெஸ்ட்டுக்காக எல்லா மருந்தையும் நிறுத்திட்டேன்" என்று மூச்சிரைக்க வந்து நிற்கிறவர்களை நான் திருப்பி அனுப்புவதே வாடிக்கையாகிவிட்டது. சமீபத்தில் பெரிய ரியாக்‌ஷன் எதுவும் வந்திருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துப் போங்கள், அதற்குள் போட்டால் மாஸ்ட் செல்கள் காலியாக இருந்து பொய்யான நெகட்டிவ் வரலாம்.

போகிற இடத்தில் அட்ரினலின் எங்கே இருக்கிறது, டெஸ்ட் நேரத்தில் டாக்டர் கட்டடத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். நான் வேலை பார்க்கிற இடத்தில் இதைக் கேட்கிறவர்கள் மாதத்தில் ஒருவர் இருந்தால் அதிகம், கேட்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான், கோபமில்லை. அலமாரியைக் கைகாட்டத் தயங்குகிற இடம் என்றால் அங்கே வேண்டாம். டெஸ்ட் முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள், தடிப்பு அளந்தாகிவிட்டது, கிளம்பலாம் என்று அவசரப்படாதீர்கள். அன்றைக்கு ஓட்டம், கனமான உடற்பயிற்சி வேண்டாம், கூட ஒருவர் இருப்பது நல்லது.

சாயங்காலம், ஆறு எட்டு மணி நேரம் கழித்து, பாசிட்டிவ் ஆன புள்ளிகள் மறுபடி வீங்கி, அழுத்தினால் வலித்துச் சூடாக இருக்கலாம். அதைப் பார்த்து ராத்திரியில் ஃபோன் வருவது வழக்கம். அது அந்த இடத்தோடு நிற்கிற பின்வீக்கம், ஐஸ் வைத்து ஒரு ஆன்டிஹிஸ்டமின் போட்டால் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். மூச்சோ குரலோ மாறினால் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், கிளினிக்கில் கொடுக்கிற படிவத்தில் "முன்பு டெஸ்ட் ரியாக்‌ஷன்" என்ற இடத்தில் வெறுமனே 'ஆம்' என்று போட்டுவிடாதீர்கள். 'மாண்டூ, இரண்டாம் நாள் கொப்பளித்துப் புண்ணானது, மூச்சுத் தொந்தரவு இல்லை' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள்.